மதாபா சர்ச் தரையில இருக்கற மேப்: டூர்ல அரை மணி நேரம்தான் போட்டிருக்காங்க, போதுமா?

நெல்லை_எபி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க சபையில இருந்து புனித நாட்டு டூர் போறோம், ஜோர்டான் வழியா உள்ள போய் எருசலேம் பெத்லகேம் கலிலேயா எல்லாம் பாத்துட்டு திரும்புற மாதிரி ப்ளான். ஜோர்டான் ஷெட்யூல்ல "மதாபா, செயிண்ட் ஜார்ஜ் சர்ச், 30 நிமிடம்"னு ஒரே ஒரு வரி போட்ருக்கு. ஏஜெண்ட்ட கேட்டா "தரையில ஒரு பழைய மேப் இருக்கும் சார், ஒரு போட்டோ எடுத்துட்டு நேபோ மலைக்கு கிளம்பிரலாம்"ங்காரு. எனக்கு என்னமோ அதுல விஷயம் இருக்கும்னு தோணுது, யாராச்சும் போயிருக்கீங்களா, என்ன பாக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா நல்லாருக்கும். கூட வர்றதுல பாதிப்பேர் வயசானவங்க, நிக்க முடியாது, அதையும் மனசுல வச்சு சொல்லுங்க.

வத்தலகுண்டு_வாசகன்:
அரை மணி நேரமே ஜாஸ்தி. நான் பாத்திருக்கேன். கயிறு கட்டி வச்சிருப்பாங்க, எட்டி எட்டி பாக்கணும், பாதிக்கு மேல இல்லவே இல்ல, இருக்கறதும் கிரேக்க எழுத்து. கூட்டம் வேற முண்டும். இன்டர்நெட்ல ஜூம் பண்ணி பாத்தா இதைவிட நல்லா தெரியும்.

ஜெசி_அக்கா:
எபி தம்பி, நாங்க போனப்போ கைடு வெளிய ஒரு ஹால்ல பெரிய படத்தை வச்சு விளக்கிட்டுதான் உள்ள விட்டாரு, உள்ள போய் சத்தமா விளக்கம் சொல்ல விட மாட்டாங்க. அந்த ஹால்ல சொல்றதை கவனிச்சு கேட்டுக்கோங்க, அதை விட்டுட்டா உள்ள போய் ஒண்ணும் புரியாது. ஞாயித்துக்கிழமை காலையில வந்துட்டா ஆராதனை நடக்கும், மேப் பாக்க முடியாது, அதை ஏஜெண்ட்ட முதல்ல கன்பர்ம் பண்ணுங்க. உட்கார சேர் உண்டு, வயசானவங்களுக்கு பிரச்சினை இல்ல.

தோண்டித்துருவி:
அரை மணி நேரம் ஜாஸ்தின்னு சொன்னதை பாத்துட்டு சும்மா இருக்க முடியல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமை உள்ளவங்க படிங்க.

மதாபா அம்மான்ல இருந்து தென்மேற்கா முப்பது கிலோமீட்டர் சொச்சம். பைபிள்ல மோவாப் தேசத்துல மேதெபான்னு வர்ற அதே ஊர்தான், கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு மோவாப் ராஜா மேசாவோட கல்வெட்டு ஒண்ணு பாரிஸ் லூவர்ல இருக்கே, அதுலயும் இந்த ஊர் பேர் வருது. இப்ப நிக்கற சர்ச் கட்டடம் பழசு கிடையாது, 1890கள்ல எழுப்பின கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சர்ச், வெளிய இருந்து பாத்தா எந்த சின்ன ஊர்லயும் இருக்கற சர்ச் மாதிரிதான் இருக்கும். ஆனா காலுக்கு கீழ இருக்கறது ஆறாம் நூற்றாண்டு பைசாண்டிய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசு காலத்து சர்ச்சோட தரை.

புனித நாட்டை காட்டுற மேப்கள்ல இன்னைக்கு நம்ம கைக்கு ஒரிஜினலாவே கிடைச்சிருக்கற ரொம்ப பழைய மேப் இதுதான். முழுசா இருந்தப்போ கிட்டத்தட்ட 21க்கு 7 மீட்டர், இருபது லட்சத்துக்கு மேல கல்துண்டு பதிச்சிருப்பாங்கன்னு ஒரு கணக்கு, சிலர் இதைவிட குறைவா சொல்வாங்க. இப்ப மிஞ்சினது ஒரு 16க்கு 5 மீட்டருக்குள்ள அங்கங்க ஓட்டையோட கிடக்கு. வடக்கே லெபனான் கரையில இருந்த சாறிபாத் ஊரோட ஒரு துண்டு தனியா கிடக்குது, தெக்கே எகிப்து நைல் நதி பிரியற கழிமுகம் வரைக்கும் வருது, மேக்க மத்தியதரைக் கடல், கிழக்க கெராக் கோட்டை ஊர். நூத்தம்பதுக்கு மேல ஊர் பேர், இடப் பேர் எழுதியிருக்கு.

போனதும் ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க, நம்ம மேப்ல மேல வடக்கு இருக்கும், இதுல மேல கிழக்கு. சர்ச்சுல நிக்கறவங்க பீடத்தை, அதாவது கிழக்கை பாத்துதான் நிப்பாங்க, அப்ப தரையில இருக்கற கிழக்கும் நிஜ கிழக்கும் ஒண்ணா வருது. அதனால எருசலேம்ல நீங்க நிக்கற மாதிரி நின்னு பாத்தா வடக்கு வாசல் இடது கைப்பக்கம் வரும். இது தெரியாம போனா பத்து நிமிஷம் தலையை திருப்பித் திருப்பி குழம்பிட்டு "ஒண்ணும் புரியல"ன்னு வெளிய வந்துருவோம், வத்தலகுண்டு சாருக்கு இதுதான் நடந்திருக்கும்னு நினைக்கறேன்.

வத்தலகுண்டு_வாசகன்:
எனக்கு திசை எல்லாம் தெரியும் சார், நன்றி. சரி ஆறாம் நூற்றாண்டுன்னு எப்படி சொல்றீங்க, அதுல வருஷம் போட்டிருக்கா? கைடுங்க எல்லாத்தையும் "ஆயிரத்து ஐநூறு வருஷம்"னு தான் சொல்லுவாங்க.

தோண்டித்துருவி:
நல்ல கேள்வி, வருஷம் போட்ட எழுத்து எதுவும் மிஞ்சல. ஆனா எருசலேம் படத்துல நெயா சர்ச் இருக்கு, மாதாவுக்குன்னு ஜஸ்டினியன் பேரரசர் கட்டின பெரிய கோயில், அது அர்ச்சிக்கப்பட்டது 542 நவம்பர் 20. அப்ப மேப் அதுக்கு பின்னாடிதான். 570க்கு அப்புறம் எருசலேம்ல வந்த கட்டடம் எதுவும் படத்துல இல்ல. ஆக ரெண்டுக்கும் நடுவுல ஒரு முப்பது வருஷத்துக்குள்ள பதிச்சிருக்கணும். வரைஞ்சவன் ஊரை பாத்து, இல்லன்னா நல்லா தெரிஞ்சவன்ட்ட கேட்டு வரைஞ்சதாலதான் இப்படி தேதி போட முடியுது.

இதுல அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. இந்த நெயா சர்ச் பூமிக்கு மேல அடையாளமே இல்லாம போயிருச்சு, எங்க இருந்ததுன்னே பல காலம் சண்டை. 1970கள்ல எருசலேம் பழைய நகரத்து யூதர் குடியிருப்புல நாஹ்மான் அவிகாட் தோண்டினப்போ சுவர்கள் கிடைச்சுது, அப்புறம் அடியில இருந்த பெரிய தண்ணித் தொட்டி சுவத்துல ஜஸ்டினியன் பேர் போட்ட கல்வெட்டே கிடைச்சுது, மேப்ல எந்த இடத்துல வரைஞ்சிருந்தாங்களோ அந்த பக்கத்துலயே. நகரத்தை வடக்கு தெக்கா வகுந்துட்டு போற தூண் வச்ச பெரிய வீதி, கார்டோன்னு சொல்வாங்க, மேப்ல பளிச்சுன்னு தெரியும், அதையும் அந்த தோண்டல்லயே வெளிய எடுத்தாங்க, இப்ப டூரிஸ்டுங்க அதுல நடந்து போறாங்க. எபி, நீங்க எருசலேம் போறப்போ அந்த கார்டோவுக்கு கண்டிப்பா கூட்டிட்டு போக சொல்லுங்க, மதாபா மேப்போட காப்பி ஒண்ணும் அங்க வச்சிருக்காங்க. 2010ல கூட யாப்பா வாசலுக்கு பக்கத்துல ரோட்டுக்கு நாலரை மீட்டர் கீழ பைசாண்டிய காலத்து கல் பாவின தெரு கிடைச்சுது, மேப்ல அந்த வாசல்ல இருந்து உள்ள போற தெரு இருக்குது பாருங்க, அதுதான்.

பாதி உடைஞ்ச தரைன்னு சொன்னீங்க, சரி, ஆனா அந்த பாதி தரையை கையில வச்சுக்கிட்டு மண்வெட்டியோட போனவங்களுக்கு சொன்ன இடத்துல கட்டடம் கிடைச்சிருக்கு.

நெல்லை_எபி:
அண்ணாச்சி இது போதும், ஏஜெண்ட்ட இன்னைக்கே பேசுதேன். படத்துல இயேசுவோட கல்லறை ஆலயம் எங்க இருக்கும்?

தோண்டித்துருவி:
கார்டோ வீதிக்கு கீழ்ப்பக்கமா நடுவுல, ஆனா தலைகீழா இருக்கும். வீதியோட ரெண்டு பக்கத் தூண் வரிசையையும் ரெண்டு பக்கமா மடக்கி விரிச்சு வச்ச மாதிரி வரைஞ்சிருக்கான், அதனால மேக்குப்பக்கத்து கட்டடம் எல்லாம் கால் மேல தலை கீழ. படி, மூணு வாசல், முக்கோண முகப்பு, அதுக்கு கீழ தங்க நிற குவிமாடம். தலைகீழா நின்னு பாக்கணும், இல்லன்னா போனை திருப்பி பிடிச்சு போட்டோ எடுங்க. இன்னொண்ணு கவனிச்சு பாருங்க, பழைய யூத ஆலயம் இருந்த மேடை, அவ்வளவு பெரிய இடம், அதை கிட்டத்தட்ட காட்டவே இல்ல. அப்ப அது இடிபாடா கெடந்துச்சு, வரைஞ்சவனுக்கு அது முக்கியமாவும் படல. எருசலேமே மத்த ஊரைவிட பல மடங்கு பெருசா இருக்கும், அளவு பாத்து வரைஞ்ச மேப் இல்ல, எது பெருசுன்னு நம்பினானோ அதை பெருசா போட்டிருக்கான்.

மேஸ்திரி_மகன்:
எங்கப்பா தரை போடற மேஸ்திரி, மொசைக் தரைன்னு நம்ம ஊர்ல எண்பதுகள்ல வீடு முழுக்க போட்டாங்களே, சிமெண்ட்ல கல் சிப்ஸ் கலந்து ஊத்தி காஞ்சப்புறம் மிஷின் வச்சு தேய்ச்சு பாலிஷ் போடறது, அது வேற இது வேற. இதுல ஒவ்வொரு கல்லும் கையால உடைச்ச சின்ன கட்டை, ஒவ்வொண்ணா நட்டு வைக்கறது. கீழ பெரிய கல் பாவி, மேல சுண்ணாம்பு கலவை கரடா ஒரு அடுக்கு, அதுக்கு மேல நைசா ஒரு அடுக்கு, கடைசி அடுக்கு ஈரமா இருக்கறப்பவே படத்தோட கோடு இழுத்து கல்லை அழுத்தணும். சுண்ணாம்பு இறுகறதுக்குள்ள முடிக்கற அளவுக்குத்தான் அன்னன்னைக்கு பூசுவாங்க. சாயம் கிடையாது, எல்லாம் கல்லோட சொந்த நிறம், அந்த பக்கத்து மலைகள்ல சுண்ணாம்புக்கல்லே வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கருப்புன்னு கிடைக்குது, அதான் ஆயிரத்தி ஐநூறு வருஷம் கழிச்சும் வெளுக்கல.

இப்ப மதாபாவுல கடையில உக்காந்து செய்யறவங்க துணியில தலைகீழா கல்லை ஒட்டி அப்புறம் கவுத்து சிமெண்ட்ல பதிக்கறாங்க, அது சுலபம், மேல்பக்கம் மட்டமா வரும். பழைய தரையில நேரடியா நட்டதால லேசா மேடு பள்ளம் இருக்கும், சாய்வா வெளிச்சம் விழறப்போ அதுதான் மினுங்கும். வாசகன் சார், இது ஜூம் பண்ணா தெரியாது.

அம்மான்_டைரி:
நான் இங்கதான் வேலை பாக்கறேன், லீவு நாள்ல மதாபா பக்கம் போவேன். கடைகளை பத்தி ஒரு டிப்ஸ், "உயிர் மரம்" படம்னு ஒரு மரமும் கீழ மானை அடிக்கற சிங்கமும் போட்ட மொசைக்கை எல்லா கடையிலயும் தலையில கட்டுவாங்க, மதாபா ஒரிஜினல்னு சொல்வாங்க, அது எரிகோ பக்கத்துல உமய்யாங்கற அரபு ராஜவம்சம் கட்டின அரண்மனை தரையோட காப்பி. அழகாத்தான் இருக்கும், வாங்குங்க, ஆனா மதாபாவுதுன்னு நினைச்சு வாங்காதீங்க. மொசைக் வேலையை முறையா சொல்லித்தர 1990கள்ல இருந்து ஊர்லயே ஒரு ஸ்கூல் இருக்கு, பழைய தரைகளை பழுது பாக்கறதையும் அங்க கத்துக் குடுக்கறாங்க.

மேப்ல எனக்கு பிடிச்சது மீன். யோர்தான் ஆத்துல மீன் நீந்துது, ஒரு மீன் மட்டும் சவக்கடல் வாய்க்கிட்ட வந்துட்டு அப்படியே யு டர்ன் அடிச்சு திரும்புது, எதிர்ல வர்ற மீனுக்கு "போகாத, உப்பு"ன்னு சொல்ற மாதிரி. ஆயிரத்தி ஐநூறு வருஷ மீம்.

ஜெசி_அக்கா:
ஆமா அந்த மீன் எங்க குரூப்ல எல்லாரும் பாத்து சிரிச்சோம். சவக்கடல்ல ரெண்டு படகு கூட இருக்கும். ஆனா படகுல இருக்கற ஆளுங்க முகம் உடம்பு எல்லாம் கலைஞ்சு கட்டம் கட்டமா இருந்துச்சு, கைடு "அராபியர் படையெடுத்து வந்து அழிச்சுட்டாங்க"ன்னு சொன்னாரு, மனசுக்கு கஷ்டமா போச்சு.

வத்தலகுண்டு_வாசகன்:
எதிர்பார்த்தேன். எங்க போனாலும் இதே கதைதான்.

தோண்டித்துருவி:
அக்கா, உங்க கைடு சொன்னது பாதி கூட சரியில்ல. கலைஞ்சது நிஜம், எட்டாம் நூற்றாண்டு வாக்குல நடந்ததும் நிஜம், உயிருள்ள உருவத்தை எடுக்கணும்னு கலீபா ரெண்டாம் யஸீத் 721 வாக்குல ஆணை போட்டதா பழைய எழுத்துகள் சொல்றதும் நிஜம். ஆனா எப்படி கலைச்சிருக்காங்கன்னு பாருங்க. கோபத்துல சுத்தியல் எடுத்து உடைச்சா அங்க குழி இருக்கும். இங்க அந்த ஆள் உருவம் இருந்த கல்லை மட்டும் பதமா நோண்டி எடுத்துட்டு அதே மாதிரி கல்லை கலந்து திரும்ப பதிச்சு தரையை மட்டமாக்கி வச்சிருக்காங்க. படகு அப்படியே இருக்கு, துடுப்பு இருக்கு, படகுல ஏத்தின சரக்கு குவியல் இருக்கு, ஒண்ணு உப்பு ஒண்ணு தானியம்னு சொல்றாங்க. தரையை அடுத்த நாளும் புழங்கப் போறவன் செஞ்ச வேலை இது, அதாவது சர்ச்சுக்காரங்களே செஞ்சது. பக்கத்துல மயீன்ங்கற ஊர் சர்ச்சுல மிருகத்தை எடுத்துட்டு செடி கொடி பதிச்சிருக்காங்க, கோபத்துல மிருகத்தை எடுத்தவன் செடியை பொறுமையா நடுவானா?

இன்னொண்ணு, அதே இஸ்லாமிய ஆட்சியிலதான் உம் அர்ரஸாஸ்ல புனித ஸ்தேவான் சர்ச்சுக்கு புதுசா மொசைக் தரை போட்டாங்க, எட்டாம் நூற்றாண்டுல. எருசலேம், நாபுலஸ், காசா, மதாபான்னு ஊர் ஊரா படம் போட்ட தரை. அதுலயும் காசு குடுத்தவங்க உருவத்தை பின்னாடி கலைச்சிருக்காங்க, ஊர் படத்தை தொடல. 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. எபி, நேரம் இருந்தா அங்கயும் போகலாம், மதாபாவுக்கு தென்கிழக்கா அரை மணி நேரத்து ட்ரைவ், டூர் பஸ் அங்க அதிகம் போகாது.

மேஸ்திரி_மகன்:
கல்லை நோண்டி திரும்ப பதிக்கறது சும்மா இல்ல. பழைய சுண்ணாம்பு நல்லா இறுகி கெட்டியா இருக்கும், ஒரு உருவத்தை சுத்தமா எடுத்து மட்டம் பண்ண தொழில் தெரிஞ்ச ஆள் வேணும். வெறியில செய்யற வேலை இல்ல.

நடத்துநர்:
மதச் சண்டை வேண்டாம், இதுவரைக்கும் ஒழுங்கா போகுது, இப்படியே போகட்டும். ரெண்டு பதிவை நீக்கியிருக்கேன்.

யாழ்_மொழியன்:
நான் லண்டனில இருந்து குடும்பத்தோட போனனான். எனக்கொரு சந்தேகம் கிடக்கு, இவ்வளவு பெறுமதியான தரையை கண்டுபிடிச்ச பிறகுதானே புதுக் கோயில் கட்டினவை, பிறகு எப்பிடி இவ்வளவு சேதம் வந்தது? அங்க இருந்த ஒரு ஐயா கட்டேக்கதான் உடைஞ்சது எண்டு சொன்னவர், நம்பவும் முடியேல்லை.

தோண்டித்துருவி:
அந்த ஐயா சொன்னதுல விஷயம் இருக்கு. மதாபா 749 பூகம்பத்துக்கு அப்புறம் மெல்ல மெல்ல ஆள் இல்லாம போய் வெறும் இடிபாடா பல நூற்றாண்டு கெடந்த ஊர். 1880 வாக்குல கெராக்ல இருந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்க சண்டை சச்சரவு தாங்காம கிளம்பி வந்து இந்த மண்மேட்டுல குடியேறினாங்க, வீடு கட்ட குழி தோண்டினா எங்க பாத்தாலும் மொசைக் தரை. சர்ச் கட்டணும்னா பழைய சர்ச் இருந்த இடத்துலதான் கட்டலாம்னு ஒட்டமன் அரசு அனுமதி, அதனால பழைய அஸ்திவாரத்தை தேடித்தான் கட்டினாங்க, மேப் தரைக்கு மேலயே சர்ச் வந்ததுக்கு காரணம் இதுதான்.

1884லயே தரையை பாத்துட்டு எருசலேம் கிரேக்க பேட்ரியார்க்குக்கு, அதாவது சபையோட தலைமை ஆயருக்கு, கடிதம் போச்சுன்னும் அது கவனிப்பார் இல்லாம கெடந்துச்சுன்னும், பின்னாடி வந்த பேட்ரியார்க் அதை எடுத்து படிச்சுட்டு ஒரு கட்டட மேஸ்திரியை அனுப்பினார்னும், அந்த ஆள் "பெருசா ஒண்ணும் இல்ல"ன்னு சொல்லி மேல கட்ட ஆரம்பிச்சுட்டார்னும் சொல்வாங்க. 1896 டிசம்பர்ல பேட்ரியார்க்கேட் நூலகர் கிளியோபாஸ் கொய்கிலிதிஸ் வந்து பாத்தப்புறம்தான் இது என்னன்னு உலகத்துக்கு தெரிஞ்சுது, அடுத்த வருஷமே அச்சுல வந்திருச்சு. அதுக்குள்ள கட்டட வேலை பாதியை தின்னுட்டதா ஒரு கட்சி, முன்னாடியே நெருப்புலயும் பூகம்பத்துலயும் போயிருச்சுன்னு இன்னொரு கட்சி. ரெண்டுமே கொஞ்சம் கொஞ்சம் உண்மையா இருக்கும்னு என் எண்ணம். அதுக்கப்புறமும் பல வருஷம் தண்ணி, மண்ணு, கால் மிதின்னு பாடாப்பட்டு 1965ல ஜெர்மன்காரங்க ஹெர்பர்ட் டோன்னர், ஹைன்ஸ் க்யூப்பர்ஸ் வந்து சரிபண்ணாங்க, நாம இன்னைக்கு பாக்கறது அவங்க காப்பாத்தி வச்சது.

மேஸ்திரி_மகன்:
மேஸ்திரி மேலயே பழியா போடுங்க, எல்லா ஊர்லயும் இதுதான் வழக்கம் ஹாஹா

வத்தலகுண்டு_வாசகன்:
எல்லாம் சரி, மேப் அவ்வளவு கரெக்ட்னு ஓவரா தூக்கறீங்களே, அதுல கெரிசீம் மலையும் ஏபால் மலையும் ரெண்டு தடவை வரும், தெரியுமா? எரிகோ பக்கத்துல ஒரு தடவை, நாபுலஸ் பக்கத்துல ஒரு தடவை. ஒரு மலை எப்படி ரெண்டு இடத்துல இருக்கும்? நானும் வெறுமனே போட்டோ எடுத்துட்டு வரல.

தோண்டித்துருவி:
அட, இதை கவனிச்சவர் அரை மணி நேரம் ஜாஸ்திங்கறீங்களே!

சரியாத்தான் சொல்றீங்க. மேப்ல இருக்கற நிறைய குறிப்பு நாலாம் நூற்றாண்டு எவுசேபியுஸ் ஆயர் எழுதின பைபிள் இடப்பேர் அகராதியை ஒட்டி வருது. அவர் அந்த ரெண்டு மலையும் எரிகோ பக்கம்னு எழுதினாரு, சமாரியர்கள் நாபுலஸ் பக்கம்னு வழிவழியா நம்பி அங்கதான் வழிபட்டாங்க, இன்னைக்கும் அங்கதான். மேப் போட்டவன் யாரையும் பகைச்சுக்காம ரெண்டையும் போட்டுட்டான். அதே ஆள் எருசலேம்ல இருந்து போற ரோட்டுல "நாலாவது மைல்", "ஒன்பதாவது மைல்"னு மைல்கல் பேரையும் போட்டிருக்கான். அதாவது ஒரு கையில புஸ்தகம், ஒரு கையில நடந்து போனவன் சொன்ன வழி. எது எங்க இருந்து வந்துச்சுன்னு பிரிச்சு பாக்கறதுதான் இதுல இருக்கற ருசியே, கண்ணை மூடிட்டு நம்பவும் கூடாது.

ஜெசி_அக்கா:
நேபோ மலையில மோசே வாக்குத்தத்த தேசத்தை பாத்தாருல்ல, அதைத்தான் இந்த தரையில போட்டிருக்காங்கன்னு எங்க ஃபாதர் சொன்னாரு, அது சரிதானா?

தோண்டித்துருவி:
அப்படி ஒரு கருத்து அறிஞர்கள்ட்டயே இருக்கு அக்கா, நேபோ பத்து கிலோமீட்டர் கிட்டதான், அதனால பொருத்தமாவும் இருக்கு. ஆனா மோசே பாத்த தேசத்துல நைல் கழிமுகமும் கல்லறை ஆலயமும் வராது இல்லையா. யாத்திரை வர்றவங்களுக்கு வழிகாட்டன்னு சொல்றவங்களும் உண்டு, எனக்கு அதுவும் ஒட்டல, சர்ச் தரையை பாத்து யாரு வழி கண்டுபிடிக்கப் போறா. ரட்சிப்போட வரலாறு நடந்த மண்ணு மொத்தமும் பீடத்துக்கு முன்னாடி இருக்கணும்னு போட்டதா நான் எடுத்துக்கறேன், செபுலோனுக்கு யாக்கோபு சொன்ன ஆசீர்வாதம் மாதிரி வசனங்களையும் நடுநடுவுல எழுதி வச்சிருக்காங்க, சில எழுத்து சிவப்புக் கல்லுல. வெறும் ரூட் மேப்புக்கு வசனம் எதுக்கு?

அம்மான்_டைரி:
லோத்து கதையை யாரும் சொல்லலையே. மேப்ல சவக்கடலுக்கு தென்கிழக்கு மூலையில சோவார் ஊருக்கு பக்கத்துல "புனித லோத்து"ன்னு ஒரு கோயில் போட்டிருக்கும். சோதோம்ல இருந்து தப்பிச்சு லோத்து பொண்ணுங்களோட தங்கின குகைன்னு நம்பின இடம். அந்த கோயில் எங்கன்னு யாருக்கும் தெரியாம இருந்துச்சு, 1980கள் கடைசியில இருந்து சாஃபி ஊருக்கு மேல மலைச்சரிவுல டேர் ஐன் அபாட்டாங்கற இடத்துல சர்ச்சும் மடமும் உள்ள ஒரு குகையும் தோண்டி எடுத்தாங்க, கொன்ஸ்டான்டினோஸ் பொலிட்டிஸ் தலைமையில. லோத்து பேர் சொல்லி வேண்டற கிரேக்க எழுத்தும் கிடைச்சுது. அங்க கிடைச்ச மொசைக் எல்லாம் சாஃபியில ஒரு மியூசியம் இருக்கு, உலகத்துலயே தாழ்வான இடத்து மியூசியம்னு பேரு, அங்க வச்சிருக்காங்க. நான் வெயில் காலத்துல போய் வெந்து போனேன், குளிர்காலத்துல போங்க.

நெல்லை_எபி:
ஏஜெண்ட் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒத்துக்கிட்டாரு, பதிலுக்கு ஒரு ஷாப்பிங் ஸ்டாப்பை வெட்டிட்டோம், எங்க குரூப் அம்மாமார்தான் கொஞ்சம் முறைச்சாங்க. கடைசியா ஒரு கேள்வி, இயேசு ஞானஸ்நானம் எடுத்த இடம்னு ஜோர்டான்ல அல்மக்தாஸ்னு கூட்டிட்டு போறாங்க, இஸ்ரேல் பக்கமும் ஒரு இடம் சொல்றாங்க, இந்த மேப்ல அது எந்த கரையில இருக்கு?

அம்மான்_டைரி:
இதுல இங்க உள்ளவங்கட்ட வாயை குடுத்துறாதீங்க, கிழக்கு கரைதான்னு அடிச்சு சொல்வாங்க, 2015ல யுனெஸ்கோவும் கிழக்கு கரையைத்தான் பட்டியல்ல சேர்த்துச்சு.

வத்தலகுண்டு_வாசகன்:
மேப்ல மேக்கு கரையில இருக்கு. யோவானோட ஞானஸ்நானம்னு பெத்தாபரா பேரோட எழுதியிருக்கு. அதையும் சொல்லுங்க.

தோண்டித்துருவி:
ரெண்டு பேரும் சரி. மேக்கு கரையில பெத்தாபரா, யோவான் ஞானஸ்நானம் குடுத்த இடம்னு எழுத்து இருக்கு. நேர் எதிர்க்க கிழக்கு கரையில அயினோன், இப்ப சப்சபாஸ்னு இன்னொரு எழுத்து, பக்கத்துல ஒரு மரம். அல்மக்தாஸ்ல தோண்டினப்போ பைசாண்டிய காலத்து சர்ச்சுகளும் படியிறங்கற ஞானஸ்நான தொட்டியும் வரிசையா கிடைச்சிருக்கு, அதனால அந்தக் காலத்துலயே கிழக்கு கரைக்கும் ஜனங்க போய் வந்திருக்காங்க. மேப்ல ஆத்தை கடக்க கயிறு கட்டி இழுக்கற படகு ரெண்டு இடத்துல போட்டிருக்கு, தேடிப் பாருங்க, அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் போய்ட்டு வந்துட்டே இருந்திருக்கும். எபி, அல்மக்தாஸ்ல நீங்க ஆத்துல இறங்கறப்போ எதிர் கரையில அந்த பக்கத்து டூர் குரூப் இறங்கி நிக்கும், நடுவுல அகலம் சில மீட்டர்தான், பேசினா கேக்கும்.

யாழ்_மொழியன்:
நாங்கள் போகேக்க எதிர்ப்பக்கம் நின்ற ஆக்கள் பாட்டுப் பாடினவை, எங்கட பஸ்ஸில வந்த ஆக்களும் சேர்ந்து பாடினவை, அங்கால துவக்கோட நிண்ட ஆமிக்காரன் மட்டும் நேரத்தை பாத்துக்கொண்டு நிண்டவன். எபி, தண்ணி கலங்கின தண்ணி, வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு இறங்கிறது எண்டால் மாத்து உடுப்பு கொண்டு போங்கோ.